பச்சை வந்தா முடிஞ்சுது

இல்ல சிஸ்டர், ஜலதோஷமெல்லாம் இல்ல. அழுதுட்டுதான் வந்தேன். நீங்க நர்ஸு, மூஞ்சியைப் பார்த்தே தெரிஞ்சிருக்கும். எனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுதான் ஜலதோஷமான்னு கேட்டீங்க. உங்களை சிஸ்டர்னே கூப்பிடறேன், பரவால்லையா? டியூட்டி முடிஞ்சு பஸ் ஏறினாலும் இந்த சிஸ்டர் விடாது போலன்னு நினைச்சுக்காதீங்க.

என் பேர் சுகந்தி. சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனில வேலை. இந்தப் பஸ்ஸைப் பிடிச்சு திருத்துறைப்பூண்டி போய், அங்கேர்ந்து சென்னை போகணும். காலையில வேதாரண்யத்துல வந்து இறங்கினேன். இங்க ஒரு பொண்ணு இருக்கா, செவ்வந்தின்னு. அவ ஒரு தப்பு பண்ணிட்டான்னு நாலு வருஷமா எல்லாரும் சொல்றாங்க. அவ பண்ணல. அது என் தப்பு. எனக்குத் தெரியும், எனக்கு மட்டும் நல்லாவே தெரியும். அதை அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்னுதான் வந்தேன். பார்த்தேன், மூணு மணி நேரம் அவ வீட்டுல இருந்தேன், சொல்லல. அதுக்குத்தான் இந்த அழுகை.

உங்களுக்குப் புரியும் சிஸ்டர். எங்க ஆபீஸ்ல இருக்கிறவங்களை விட உங்களுக்கு நல்லாப் புரியும். வார்டுல வரிசையா பிபி பாக்கறீங்க, ஜுரம் பாக்கறீங்க. கேஸ் ஷீட்டு எங்கயோ டேபிள்ல கிடக்கும். என்ன பண்ணுவீங்க? உள்ளங்கையில பேனாவால எழுதிக்குவீங்க. இதோ பாருங்க, இப்பவும் உங்க கையில என்னமோ நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறுன்னு இருக்கு. சோப்பு போட்டும் போகல பாருங்க. நடுவுல எவனாவது ஆக்ஸிடென்ட் கேஸைக் கொண்டு வந்து போட்டுட்டாலும், நீங்க ஓடிட்டுத் திரும்பி வந்து கையைப் பார்த்து ஷீட்ல எழுதிடுவீங்கள்ல?

டேட்டாபேஸும் அப்படித்தான். டேட்டாபேஸ்னா ஒண்ணுமில்ல, பெரிய ரிஜிஸ்தர். ஒரு பேர் வந்துச்சுன்னா அதை அதோட எடத்துல ஒழுங்கா அடுக்கி வைக்க நேரமாகும். அதனால முதல்ல ஓரமா ஒரு எடத்துல கிறுக்கி வச்சுக்கும். அதுக்கு லாக்னு பேரு. கரண்ட் போய் மெஷின் படுத்துட்டா, எழுந்ததும் அந்தக் கிறுக்கலைப் பார்த்து விட்டதையெல்லாம் எழுதிக்கும். லாக் இல்லேன்னா எல்லாம் மெஷினோட மனசுல மட்டும்தான் இருக்கும். கரண்ட் போனா மனசும் போச்சு.

அப்புறம் எதுக்கு அதை நிறுத்தறதுக்கு ஒரு ஸ்விட்ச்சுன்னு கேப்பீங்க. கேட்டா சரிதான், நானும் கேட்டேன். சில நேரம் லட்சக்கணக்குல பேரை ஒரேயடியா ஏத்தணும். பழைய லிஸ்ட்டு, வேற எடத்துல பத்திரமா இருக்கும், போனாலும் திரும்ப ஏத்திக்கலாம். அதுக்குப் போய் ஒவ்வொண்ணா கிறுக்கிக்கிட்டிருந்தா அஞ்சு மணி நேரமாகும். லாகை நிறுத்திட்டா முக்கா மணி நேரத்துல முடிஞ்சிடும். முடிஞ்சதும் மறக்காம மறுபடி ஆன் பண்ணிடணும், அவ்வளவுதான்.

அந்த ஸ்விட்ச்சை வரைஞ்சது நான். ப்ரோக்ராம் எழுதறது வேற ஆளு, ஸ்க்ரீன்ல எது எங்க இருக்கணும், எதை அமுக்கினா என்ன தெரியணும்னு வரையறது நான். எனக்கு முன்னாடி அந்த வேலைக்குக் கறுப்புத் திரையில நீளமா ஒரு வரி டைப் அடிக்கணும். ஒரு கமா விட்டுப்போனா திட்டும். எங்ககிட்ட டேட்டாபேஸ் வாங்கினவங்கெல்லாம் பயந்தாங்க. நான் அதை ஒரே ஒரு ஸ்விட்ச் ஆக்கினேன் சிஸ்டர். இடது பக்கம் தள்ளினா சாம்பல், வலது பக்கம் தள்ளினா பச்சை. அந்தப் பச்சைக்கே மூணு வாரம் பார்த்தேன். இலைப் பச்சை வேண்டாம், பாசிப் பச்சை வேண்டாம், பார்த்தா மனசுக்கு ஒரு தைரியம் வரணும். இப்பவும் சொல்றேன், அது நல்ல பச்சை.

அமல்ராஜ்னு ஒருத்தர், அவர்தான் உள்ள ப்ரோக்ராம் எழுதினவர். கொஞ்சம் முசுடு. அவர் நான் வரைஞ்சதைப் பார்த்துட்டு, "இது பொய் சொல்லுது"ன்னார்.

"என்ன பொய்?"ன்னேன்.

"மெஷின் ஒண்ணு இல்ல சுகந்தி, அஞ்சு. அஞ்சும் அஞ்சு எடத்துல இருக்கு. பேருங்க அஞ்சுலயும் பிரிஞ்சு கிடக்கு. நீ ஸ்விட்ச்சைத் தள்ளினா, அஞ்சு மெஷினுக்கும் தகவல் போகணும், அஞ்சும் லாகை ஆன் பண்ணிட்டு ஆச்சுன்னு பதில் சொல்லணும். அதுக்குள்ள உன் ஸ்க்ரீன் பச்சை ஆயிடுது. நடுவுல ஒரு மஞ்சள் வை. 'அஞ்சுல மூணு ஆச்சு'ன்னு எழுது. எல்லாம் பதில் சொன்னப்புறம் பச்சை காட்டு."

எனக்குக் கோபம் வந்துச்சு. அழகா ஒண்ணு பண்ணி வச்சா இவர் வந்து மஞ்சப்பொடி தூவறாரேன்னு. "அமல், நம்ம வீட்டு ஃபேன் ஸ்விட்ச்சைப் போட்டா, மாறிக்கிட்டிருக்குன்னு போர்டு காட்டுதா? போட்டா சுத்தும். அவ்வளவுதான். ஜனங்களுக்கு மஞ்சள் பார்த்தா பயம் வரும், திரும்பத் திரும்ப அமுக்குவாங்க"ன்னேன்.

"நம்ம வீட்டு ஃபேன் அஞ்சு ஊர்ல இல்லையே"ன்னார்.

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கல. மேனேஜர் கோதண்டம் சார்கிட்ட நான் முந்திக்கிட்டுப் போய்க் காட்டினேன். தள்ளினேன், பச்சை வந்துச்சு, டக்குன்னு. "இதுதாம்மா வேணும், குழந்தை கூட ஓட்டும்"ன்னார். மஞ்சள் போச்சு. அந்த வருஷம் எனக்கு ஆபீஸ்ல கேடயம் குடுத்தாங்க. வீட்டுல டிவி மேல இருந்துச்சு, இப்போ பீரோ உள்ள வச்சிருக்கேன்.

இப்படிப் பாருங்க. டாக்டர் ஊசி எழுதிட்டுப் போறார். அவர் எழுதின அந்த நிமிஷமே ஷீட்ல 'போட்டாச்சு'ன்னு டிக் விழுந்துட்டா எப்படி? நீங்க இன்னும் மருந்தே எடுக்கல, ஆனா டிக் இருக்கு. அடுத்த ஷிஃப்டு நர்ஸ் வந்து பார்த்துட்டு, சரி போட்டாச்சுன்னு போயிடுவா. என் ஸ்விட்ச் அதைத்தான் பண்ணிச்சு. சொன்னதைக் காட்டிச்சு, நடந்ததைக் காட்டல.

ஆமா. நீங்க முகம் சுளிக்கிறீங்க. உங்களுக்கு ஒரு வரியில புரிஞ்சுது. எனக்குப் புரியறதுக்குத்தான் ஒரு உசுரு போக வேண்டியிருந்துச்சு.

இந்தப் பக்கம் புயல் வந்துச்சுல்ல, அந்த வருஷம். ஒரு தொண்டு நிறுவனம் எங்க டேட்டாபேஸை வாங்கியிருந்தாங்க. முகாமுக்கு வர்றவங்க பேரையெல்லாம் அதுல போடணும், யார் எந்த முகாம்ல இருக்காங்கன்னு சொந்தக்காரங்க வந்து கேட்டா சொல்லணும். நல்ல காரியம். செவ்வந்தி அங்கதான் வேலை பார்த்தா. இங்கத்துப் பொண்ணு, பி.எஸ்ஸி. படிச்சவ. சென்னைக்கு மூணு நாள் பயிற்சிக்கு வந்திருந்தா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். பின்னல்ல கனகாம்பரம் வச்சுக்கிட்டு முதல் வரிசையில உக்காந்து எல்லாத்தையும் நோட்டுல எழுதுவா. "எதுக்கும்மா எழுதறே, பச்சை வந்தா முடிஞ்சுது"ன்னு நானே கிண்டல் பண்ணினேன்.

புயல் அன்னைக்குக் காலையில, ஊர்ல இருக்கிற எல்லாக் குடும்பத்தோட பழைய லிஸ்ட்டையும் மொத்தமா ஏத்தச் சொன்னாங்க. லாகை ஆஃப் பண்ணிட்டு ஏத்தினா. முடிஞ்சுது. பதினோரு மணி ரெண்டு நிமிஷத்துக்கு மறுபடியும் ஆன் பண்ணினா. பச்சை வந்துச்சு. உடனே முகாம்லேர்ந்து பேர் வர ஆரம்பிச்சுது. பஸ் பஸ்ஸா ஜனம். ஒவ்வொரு முகாம்லயும் ஒரு ஆள் பேரைக் கேட்டு நேரா கம்ப்யூட்டர்ல போட்டாங்க. பேப்பர்ல எழுதல. எதுக்கு எழுதணும், அதான் பச்சை இருக்கே.

அஞ்சு மெஷின்ல நாலு பதில் சொல்லிடுச்சு. நாலாம் நம்பர் மெஷின் மட்டும் சொல்லல. அது இன்னும் பழைய லிஸ்ட்டை அடுக்கிக்கிட்டே இருந்துச்சு, போன தகவலைக் கவனிக்கல. அதுல லாக் ஆஃப்லயே கிடந்துச்சு. மத்தியானம் ரெண்டே காலுக்கு அது இருந்த எடத்துல கரண்ட் போய், ஜெனரேட்டரும் நின்னு, மெஷின் படுத்துடுச்சு. அது திரும்ப எழுந்தப்போ, பதினோரு மணிக்கப்புறம் அதுக்குள்ள போன பேரெல்லாம் போச்சு. முந்நூத்திப் பதினெட்டுப் பேர். செத்துப்போகல சிஸ்டர், அவங்கெல்லாம் முகாம்ல பத்திரமா சாம்பார் சாதம் சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தாங்க. லிஸ்ட்ல மட்டும் இல்ல.

மூணு மணிக்கு ஒருத்தர் வந்தார். வைரக்கண்ணுன்னு பேரு, உப்பளத்துல வேலை. அவர் வேற வேலையா வெளிய போயிருந்த நேரத்துல பொண்டாட்டியையும் மகளையும் பஸ்ல ஏத்தி ஒரு பள்ளிக்கூடத்துல விட்டிருக்காங்க. அங்க பன்னெண்டே முக்காலுக்குப் பேரும் போட்டாச்சு. இவருக்கு அது தெரியாது. செவ்வந்திகிட்ட வந்து, ஜெயக்கொடின்னு என் சம்சாரம், வந்திருக்காளா பாரும்மான்னு கேட்டிருக்கார். தேடினா. இல்ல. இன்னொரு தடவை தேடினா. இல்ல. போன் பண்ணிப் பார்த்தா, டவர் போயிடுச்சு. "எந்த முகாம்லயும் பேர் இல்லண்ணே"ன்னா.

"அப்போ வீட்டுலயேதான் இருக்கா, பிடிவாதக்காரி"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாராம். காத்து அப்போதான் ஏற ஆரம்பிச்சுது. இவ வாசல் வரைக்கும் ஓடி வந்து, போகாதீங்கண்ணேன்னு கத்தியிருக்கா. அவர் திரும்பிப் பார்த்து, இதோ வந்துடறேன்னு கையைக் காட்டினாராம்.

போற வழியில ஒரு மோட்டார் ஷெட்டுச் சுவர் அவர் மேல விழுந்து, உசுரு போயிடுச்சு. அவர் வீட்டுல யாருமே இல்ல. காலி வீட்டுக்குத்தான் போனார்.

கொஞ்சம் தண்ணி இருக்கா சிஸ்டர்? ... தாங்க்ஸ்.

பத்து நாள் கழிச்சு எங்க ஆபீஸுக்கு வந்துச்சு விஷயம். எப்படிப் பேர் காணாமப் போச்சு, காரணம் எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. நானும் அமல்ராஜும் உக்காந்து பார்த்தோம். ஸ்க்ரீன்ல யார் எப்போ எதை அமுக்கினாங்கன்னு ஒரு பதிவு இருக்கும். அதுல தெளிவா இருந்துச்சு. பதினோரு மணி ரெண்டு நிமிஷம், செவ்வந்தி, ஆன். நாலாவது மெஷினோட பதிவைப் பார்த்தா ஆன் இல்ல. அமல்ராஜ் என் பக்கம் திரும்பவே இல்ல. திட்டியிருந்தா கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

கோதண்டம் சார் கூப்பிட்டு, "ரெண்டு வாரத்துல புது வெர்ஷன் வெளிய போகுது. கதையெல்லாம் வேண்டாம், நடந்ததை மட்டும் ஒரு பக்கத்துல எழுது"ன்னார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, பொய் எழுதச் சொல்லல. நானும் பொய் எழுதல. 'பெரிய பட்டியல் ஏற்றி முடித்தபின் நாலாவது மெஷினில் லாகிங் மீண்டும் ஆன் செய்யப்படவில்லை.' அவ்வளவுதான் எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். செவ்வந்தி பேரை எங்கயும் எழுதல. சிஸ்டர், நான் யாரையும் குறை சொல்லல, அதை நீங்க கவனிக்கணும்.

ஆனா படிக்கிறவங்களுக்கு என்ன தோணும்? ஸ்விட்ச் இருந்தது அவ கையில. ஆன் பண்ணலைன்னா அவதான் பண்ணல. வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இது சின்ன ஊரு. மறதிக்காரின்னு ஆரம்பிச்சு, ஒரு உசுரைக் குடிச்சவள்ங்கிற வரைக்கும் பேச்சு போச்சாம். பார்த்து வச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுலயும் வேண்டாம்னுட்டாங்க. இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சுக்கவும் நான் முயற்சி பண்ணலைங்கிறது வேற விஷயம்.

அமல்ராஜ் மட்டும் ஒரு நாள் கேன்டீன்ல டீயைக் கீழ வச்சுட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட நீ சொல்லப் போறியா, நான் சொல்லட்டுமா?"ன்னார். நானே சொல்றேன்னேன். சத்தியமா சொல்றதாத்தான் இருந்தேன். அடுத்த மாசம் அவர் வேற கம்பெனிக்குப் போயிட்டார். நான் சொல்லியிருப்பேன்னு நம்பித்தான் போயிருப்பார்.

ஆனா ஒண்ணு, நான் சும்மா இருக்கல. புது வெர்ஷன்லயே மஞ்சளை வச்சுட்டேன். 'அஞ்சுல மூணு ஆச்சு'ன்னும் எழுதிட்டேன். எதுவும் பதில் சொல்லலைன்னா சிவப்பு. எல்லா மெஷினும் சொன்னாத்தான் பச்சை. அதனால எத்தனை பேருக்கு எத்தனை நஷ்டம் தப்பிச்சிருக்கும், யோசிச்சுப் பாருங்க. அதை 'புதிய வசதி'ன்னு போட்டு எல்லாருக்கும் மெயில் அனுப்பினோம். நல்ல பாராட்டு. எனக்குப் பதவி உயர்வு கூட... சரி, அது இப்போ எதுக்கு.

இப்படியே நாலு வருஷம் ஓடிடுச்சு. போன மாசம் ஒரு காலேஜ்ல பேசக் கூப்பிட்டாங்க. அந்த ஸ்விட்ச்சைத்தான் காட்டினேன், மஞ்சளோட. ஒரு பொண்ணு எழுந்து, "மேடம், முதல்ல மஞ்சள் இல்லாம இருந்துச்சா? அப்புறம் ஏன் சேர்த்தீங்க?"ன்னு கேட்டா. நான் மைக்ல கொஞ்சமும் யோசிக்காம, "சிலர் ஆன் பண்ண மறந்துடறாங்க, அதனால"ன்னேன்.

அப்படியே நின்னுட்டேன் சிஸ்டர். வாயிலேர்ந்து எவ்வளவு சுலபமா வந்துச்சு தெரியுமா? யாரும் என்னை மிரட்டல, வேலை போகும்னு பயமில்ல, ஒண்ணுமில்ல. பழக்கத்துல வந்துடுச்சு. மீதிப் பேச்சை எப்படி முடிச்சேன்னே ஞாபகமில்ல. அன்னைக்கே அமல்ராஜுக்குப் போன் போட்டு செவ்வந்தி அட்ரஸ் கேட்டேன். "இன்னும் சொல்லலையா?"ன்னார். வெச்சுட்டார். அரை மணி நேரம் கழிச்சு அட்ரஸ் மட்டும் மெஸேஜ்ல வந்துச்சு.

சரி, இன்னைக்குக் காலையில வந்தேன். கையில ஆப்பிளும் ஹார்லிக்ஸும். சிரிக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போற மாதிரின்னு எனக்கே கடையிலேர்ந்து வெளிய வந்தப்புறம்தான் தோணிச்சு. மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள தள்ளி ஓட்டு வீடு. வாசல்ல தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைச்சுக்கிட்டிருந்தா. நாலு வருஷத்துல பத்து வருஷம் ஏறின மாதிரி இருக்கா. என்னைப் பார்த்ததும் எழுந்து, "சுகந்திக்கா!"ன்னு ஓடி வந்தா. என்னை வாய் திறக்கவே விடல.

"நீங்க வருவீங்கன்னு நான் நினைச்சே பார்க்கலக்கா. நானே உங்களைத் தேடி வந்து கால்ல விழணும்னு இருந்தேன். நீங்க எவ்வளவு தெளிவாச் சொல்லிக் குடுத்தீங்க, பச்சை வந்தா முடிஞ்சுதுன்னு. குழந்தை கூடப் பண்ணும். நான் கோட்டை விட்டுட்டேன். உங்க வேலைக்குமில்ல கெட்ட பேர் வந்திருக்கும்?"

நான், "இல்ல செவ்வந்தி, கேளு, நீ..."ன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சேன் சிஸ்டர், அதை நீங்க நம்பணும்.

அவ நிறுத்தல. "முதல்ல நான் ஆன் பண்ணேன்னுதான் சொன்னேன்க்கா. பச்சையைப் பார்த்தேன்னு அடிச்சுச் சொன்னேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கம்பெனியிலேர்ந்தே எழுதிக் குடுத்துட்டாங்க, நீ மட்டும் என்ன சாதிக்கிறேன்னு கேட்டாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இப்போ கண்ணை மூடினா அந்த ஸ்விட்ச் சாம்பல் கலர்லதான் தெரியுது. அது அப்படியே கிடக்கு, நான் பார்த்துக்கிட்டே தாண்டிப் போறேன். தெளிவாத் தெரியுதுக்கா."

புரியுதா சிஸ்டர்? அவ பார்த்தது பச்சை. நான் மூணு வாரம் பார்த்துப் பார்த்து எடுத்த பச்சை. அதையும் அவ கண்ணுலேர்ந்து பிடுங்கிட்டேன்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. ஊசி குத்திக் குத்தி விரலெல்லாம் சொரசொரன்னு இருக்கு. அழறா. அவங்க அப்பா உள்ளேர்ந்து எட்டிப் பார்த்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறார், பொண்ணோட தப்புக்கு அவரும் சேர்ந்து குனிஞ்ச மாதிரி. அந்த நேரத்துல நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்லம்மா, விடு. மனுஷங்கன்னா மறதி வரத்தான் செய்யும்"ன்னேன்.

இந்த வாயாலதான்.

அவ முகத்தை நீங்க பார்த்திருக்கணும். நாலு வருஷத்துல யாரும் எனக்கு இப்படிச் சொல்லலக்கா, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னா. அவங்க அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் சாப்பிட்டுத்தான் போகணும்னு பிடிச்சுக்கிட்டாங்க. ஓடிப்போய் கொடுவா மீன் வாங்கிட்டு வந்து குழம்பு வச்சா. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். உக்காந்து சாப்பிட்டேன். நடுத் துண்டை எனக்கு வச்சா. மறு சோறு வாங்கிச் சாப்பிட்டேன் சிஸ்டர். ருசியா இருந்துச்சு, அதுதான் கொடுமை.

நீங்களே சொல்லுங்க, நீங்க எத்தனை பேரைப் பார்த்திருப்பீங்க. இப்போதான் அவ மனசு லேசாயிருக்கு. இனிமே போய் நீ பண்ணவே இல்லடின்னு சொன்னா, அப்போ நாலு வருஷம், வேலை, கல்யாணம், எல்லாம் எதுக்காகப் போச்சுன்னு அவளுக்கு வேதனையாத்தானே இருக்கும்? சில விஷயத்தைச் சொல்லாம விடறதுதான் அவங்களுக்கே நல்லதுன்னு உங்க ஆஸ்பத்திரியிலயும் விடுவீங்கள்ல? ஒரு விதத்துல, நான் வந்ததுல அவளுக்கு நல்லதுதான் நடந்திருக்கு. கிளம்பும்போது எவ்வளவு தெளிவா இருந்தா தெரியுமா? "நீங்க மன்னிச்சுட்டீங்க, இனிமே எனக்கு தைரியம் வந்துடுச்சுக்கா. இன்னைக்கே போய் ஜெயக்கொடி அக்காகிட்ட என் வாயால சொல்லிடறேன்"ன்னா.

என்னத்தையா? அதான், நான்தான் ஸ்விட்ச்சைப் போட மறந்தேன், உங்க வீட்டுக்காரர் என்னாலதான் போனார்னு. ஊரே பேசினாலும் இவ இத்தனை நாள் அந்தம்மா முகத்தைப் பார்த்து ஒத்துக்கிட்டதில்லையாம். அந்தம்மாவும், நீ வேணும்னு பண்ணியிருக்க மாட்டே, கம்ப்யூட்டர்தான் என்னமோ ஆயிருக்கும்னு சொல்லி இவளைப் பிள்ளை மாதிரி வச்சிருக்காங்களாம். வெள்ளிக்கிழமை தவறாம இவ அங்க போவாளாம். அந்த ஒரு வீட்டுலதான் இவளுக்கு இன்னும் ஒரு வாய் தண்ணி உரிமையோட கிடைக்குது.

ம்? எத்தனை மணிக்கா? அந்தம்மா உப்பளத்துலேர்ந்து அஞ்சு மணிக்குத் திரும்புவாங்களாம். அப்போ போறேன்னா. ஏன் சிஸ்டர்?

இப்போ மணியா... நாலு அஞ்சு.

எதுக்குக் கண்டக்டரைக் கூப்பிடறீங்க? உங்க ஊர் இன்னும் தள்ளின்னு சொன்னீங்களே. சிஸ்டர், நான் டிக்கெட் திருத்துறைப்பூண்டிக்கு எடுத்திருக்கேன். சென்னை பஸ்ஸுக்கு ரிசர்வ் பண்ணியிருக்கேன், நாளைக்கு ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு... விசிலடிச்சுட்டாரே. எல்லாரும் பார்க்கிறாங்க சிஸ்டர்.

சரி. சரி, எழுந்திருக்கேன். அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. எதிர்ப்பக்கம் பஸ் வருமா? ஆட்டோவா? டிரைவர்கிட்ட நீங்க சொல்லிடுவீங்களா?

நீங்க ஏன் செருப்பை மாட்டறீங்க? வேண்டாம் சிஸ்டர், டியூட்டி பார்த்துக் களைச்சுப்போய் வர்றீங்க, வீட்டுல தேடுவாங்க. நீங்க உக்காருங்க, நானே போயிடறேன். நிஜமாத்தான்.

இல்ல, வாங்க. நீங்க வரலைன்னா நான் அவ குடுக்கிற காபியைக் குடிச்சுட்டுத் திரும்பி வந்துடுவேன்.